அபோஃபிஸ் 2029: காங்கேயம் பக்கமிருந்து எத்தனை மணிக்குப் பார்க்கணுமுங்க?

மேட்டாங்காடு
வணக்கமுங்க. 2029 ஏப்ரல் 14 விடியக்காலம் 3:16க்கு அபோஃபிஸ்ங்கற சிறுகோள் பூமிக்கு ரொம்பக் கிட்ட வருதுன்னு போட்டிருக்காங்க. அன்னைக்குச் சித்திரை ஒண்ணு, கனி பார்க்க எப்படியும் எந்திரிப்போம். அப்படியே மாடிக்குப் போனாத் தெரியுமுங்களா? இன்னொண்ணு: ஸ்டெல்லேரியம்ங்கற வான வரைபட மென்பொருள்ல போட்டா ஒரு இடம், நாசாவோட ஜேபிஎல் ஆய்வகம் நடத்துற ஹொரைசன்ஸ் கணக்குத் தளத்துல எடுத்தா வேற இடம். எதை நம்புறது?

பாகைமானி
3:16க்கு எந்திரிச்சா கனி மட்டும்தானுங்க தெரியும். அந்த நேரம் அபோஃபிஸ் அட்லாண்டிக் கடலுக்கு மேல. நமக்கு மேற்கு அடிவானத்துக்குக் கீழ போயிருக்கும்.

அதுக்கு முன்னாடியே நம்ம பக்கம் வந்துட்டுத்தான் போகுது. 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சதும் தெற்குப் பக்கம் இருக்கும், அப்ப மங்கல்தான். இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா பக்கம் போகப்போக, நமக்குத் தென்மேற்கு, மேற்குன்னு சரியும். ராத்திரி 11லிருந்து 1 மணிக்குள்ள பார்த்துருங்க. ரெண்டு மணி வாக்குல அடிவானத்தைத் தொட்டுரும். அன்னைக்கு அமாவாசைங்கறதால நிலாத் தொந்தரவு கிடையாது.

உச்சத்துல ஒளிர்வெண் (எண் கூடக்கூட மங்கல்) 3 சொச்சம்னு படிச்சிருப்பீங்க. அது ஐரோப்பா, ஆப்பிரிக்காவுல இருக்கறவங்களுக்கு. நமக்கு அதைவிட மங்கல், 10x50 பைனாகுலர் கையில இருக்கட்டும். அடையாளம், நகர்றதுதான். பதினொன்றரை வாக்குல ஒரு நிலா அகலத்தைக் கடக்க நாலைஞ்சு நிமிஷம். பக்கத்து நட்சத்திரத்தை ஒட்டிக் குறிச்சு வெச்சுட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாருங்க, தள்ளிப் போயிருக்கும். சர்ருனு ஓடினா அது செயற்கைக்கோள்.

கோயமுத்தூர்ல இருந்தா மேற்கே மலை மறைக்கும், ஊர் வெளிச்சமும் சேரும். காங்கேயம், தாராபுரம் மேட்டுக்காடுதான் தோது, சுத்தியும் வெட்டவெளி.

நீள்வட்டம்
ரெண்டாவது கேள்விக்கு: ஹொரைசன்ஸையே நம்புங்க. ஸ்டெல்லேரியம் சிறுகோளைச் சூரியனை மட்டும் சுத்துற நீள்வட்டமா வெச்சுக் கணக்குப் போடுது. வருஷம் பூரா அது போதும். ஆனா பூமியோட மையத்துல இருந்து 38,000 கி.மீ. தூரத்துல, அதாவது புவிநிலைச் செயற்கைக்கோள்களுக்கும் உள்ளாற ஒரு கல்லு போறப்ப, பூமி இழுக்கற இழுப்பை விட்டுட்டா எப்படி?

அந்த இழுப்பு லேசுப்பட்டதில்லை. இப்ப அரை நெட்டச்சு, அதாவது நீள்வட்டத்தோட நீளத்துல பாதி, 0.92 வானியல் அலகு (ஒரு அலகுன்னா பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்), சூரியனை ஒரு சுத்துச் சுத்த 324 நாள். 2029க்கு அப்புறம் அரை நெட்டச்சு சுமார் 1.1, சுத்துக்காலம் 420 நாளுக்குக் கொஞ்சம் மேல. பூமியோடதைவிடச் சின்னப் பாதை இருக்கற ஏட்டன் வகையில இருந்து, பெரிய பாதை இருக்கற அப்போலோ வகைக்கு ஒரே ராத்திரியில மாறுது. பழைய சுற்றுப்பாதை எண்களை வெச்சு 2030க்குத் தேடினா வெறும் வானத்தைத்தான் பார்ப்பீங்க.

ஹொரைசன்ஸ்ல இப்படிக் கொடுங்க. இலக்கு 99942. பார்க்கற இடம், கிழக்கு 77.56, வடக்கு 11.01. உயரத்துக்குப் பக்கத்துல அலகைப் பாருங்க, கிலோமீட்டர்னா 0.3. அங்க 300னு போட்டுட்டு, இடம் தப்பா வருதுன்னு கேக்கறவங்க நிறைய. நேரம் 2029 ஏப்ரல் 13, 13:00 முதல் 21:00 வரை, பத்து நிமிஷ இடைவெளி. அது உலக நேரம், அஞ்சரை மணி கூட்டினா நம்ம நேரம். வெளியீட்டுல 4 (திசைகோணம், ஏற்றம்), 9 (ஒளிர்வு), 20 (தூரம்) மட்டும் போதும்.

மேட்டாங்காடு
போட்டுட்டேனுங்க. ஏற்றமே வரலை, அந்தக் கட்டம் காலியா இருக்குது.

நீள்வட்டம்
இடம் புவிமையத்துலயே நிக்குதுங்க, அதுதான் முதல்ல இருக்கறது. மையத்துக்கு ஏது அடிவானம்? ஊரை மாத்திட்டு மறுபடி ஓட்டுங்க. மத்த எண்களும் மாறும்: 93,000 கி.மீ. தூரத்துலயே இடமாறு தோற்றப்பிழை (பார்க்கற இடம் மாறினா வானத்துல அது தள்ளித் தெரியறது) கிட்டத்தட்ட 4 பாகை வரைக்கும் வரும், அதாவது எட்டு நிலா அகலம். பைனாகுலரை அவ்வளவு தள்ளித் திருப்பிட்டு நின்னா எங்க கிடைக்கும்? அடிவானத்துக்கிட்ட காத்து ஒளியை வளைக்கறது வேற அரைப் பாகை. அதுக்கு ஒளிவிலகல் தேர்வைப் போட்டுக்கோணும், இல்லாட்டி காத்தே இல்லாத கணக்குத்தான் வரும்.

சந்தைக்கடை
எங்கூட்டு அம்மிணி இது விழுகுமான்னு கேக்குதுங்க.

பாகைமானி
விழுகாதுங்க. 2004 டிசம்பர்ல, கண்டுபிடிச்ச புதுசுல, 2029ல மோத 2.7 சதவீதம் வாய்ப்புன்னு கணக்கு ஏறி, மோதல் ஆபத்தை 0லிருந்து 10 வரை சொல்ற டொரினோ அளவுல 4 வரைக்கும் போச்சு. சில நாள்லயே பழைய படங்கள்ல அது பதிவாகி இருந்ததைக் கண்டுபிடிச்சாங்க, 2029 அடிபட்டுப்போச்சு. மிச்சமிருந்த 2068 மோதல் சந்தேகமும் 2021 மார்ச்சுல அமெரிக்காவுல இருக்கற கோல்ட்ஸ்டோன் ரேடார்ல அளந்ததோட தீர்ந்துது. அடுத்த நூறு வருஷத்துக்கு மோதல் இல்லைன்னு நாசாவே மோதல் ஆபத்துப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. அம்மிணியையும் மேட்டுக்காட்டுக்குக் கூட்டியாங்க, 11 மணிக்கு.