ஒரே ஐ-ஸ்கஸி லன், இரண்டு சர்வர்: ஃபைல் தெரியவில்லை, இப்போது படங்களும் கலந்துபோகின்றன. உதவி தேவை

தண்டவாளம் (கேள்வி):
வணக்கம். ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து 2 டி.பி. லன் (பெட்டி தரும் வட்டுப் பகுதி) ஒன்றை ஐ-ஸ்கஸி (நெட்வொர்க் வழியே வட்டைத் தரும் முறை) வழியாக இரண்டு வெப் சர்வர்களுக்கும் கொடுத்திருக்கிறோம். முதல் சர்வரில் எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டமாக ஃபார்மட் செய்து, இரண்டிலும் மவுன்ட் செய்தோம். பயனர்கள் ஏற்றும் படங்கள் அதில்தான் சேருகின்றன. ஒன்றில் ஏற்றிய படம் மற்றதில் தெரிவதில்லை. அன்மவுன்ட் செய்து மறுபடி மவுன்ட் செய்தால் தெரிகிறது. எனவே இரண்டாவது சர்வரில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அதையே செய்யும்படி க்ரானில் (நேரப்படி கட்டளை ஓட்டும் கருவி) போட்டோம். நேற்றிலிருந்து "ஸ்ட்ரக்சர் நீட்ஸ் கிளீனிங்" என்று பிழை வருகிறது. சில படங்களைத் திறந்தால் பாதிக்குக் கீழே வேறொரு படம் இருக்கிறது. கேஷை அணைத்தால் சரியாகுமா? மவுன்டில் ஸிங்க் ஆப்ஷன் போதுமா?

ஊமைக்குயில்:
முதலில் அந்தக் க்ரானை எடுங்கள், அப்லோடை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் பிறகு.

மவுன்ட் இருக்கும்போது எஃப்எஸ்சிகே (ஃபைல்சிஸ்டத்தைச் சரிபார்க்கும் கருவி) ஓட்டிவிடாதீர்கள். ஸ்டோரேஜ் பெட்டியில் இப்போதே ஒரு ஸ்னாப்ஷாட் (இந்த நொடியின் நிலையைப் பிடித்துவைப்பது) எடுங்கள். அன்மவுன்ட் செய்வதும் வட்டில் எழுதும் வேலைதான், அதனால் ஸ்னாப்ஷாட் அதற்கு முன்பே வேண்டும். அடுத்து, இரண்டு சர்வரும் இப்போது காட்டும் ஃபைல்களைத் தனித்தனி வட்டுகளில் நகலெடுங்கள். இரண்டின் பட்டியலும் ஒன்றாக இருக்காது, அதனால்தான் தனித்தனியாக. பிறகு இரண்டிலும் அன்மவுன்ட் செய்து, ஸ்னாப்ஷாட்டின் குளோனை ஒரே சர்வரில் மட்டும் இணைத்து ஈ2எஃப்எஸ்சிகே (எக்ஸ்ட்4-க்கான எஃப்எஸ்சிகே) ஓட்டிப் பாருங்கள். அசல் லன்னில் கை வைப்பது கடைசியில்.

ஒரே பிளாக்கை (வட்டின் சிறு துண்டு) இரண்டு ஃபைல்கள் உரிமை கொண்டாடினால் அந்தக் கருவி ஆளுக்கொரு நகல் கொடுத்துவிடும். கணக்கு நேராகும். ஆனால் இரண்டில் ஒரு ஃபைலின் உள்ளடக்கம் தவறாகவே இருக்கும், எது என்று கருவிக்குத் தெரியாது. அது பட்டியலிடும் ஃபைல்களைப் பேக்கப்போடு செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) வைத்து ஒப்பிடுங்கள்.

மின்வலை:
ஸிங்க் உதவாது. அது தன் எழுத்தை உடனே வட்டுக்குத் தள்ளும், அவ்வளவுதான். அடுத்த சர்வரின் நினைவகத்தில் கிடக்கும் பழைய டைரக்டரியை அது தொடாது. கேஷை அணைக்கும் வழியும் இல்லை. கேஷைத் தவிர்க்கும் டைரக்ட் ஐ.ஓ.கூட ஃபைல் தரவுக்குத்தான், மெட்டாடேட்டாவுக்கு (ஃபைல்கள் பற்றிய குறிப்புகள்) அல்ல.

எக்ஸ்ட்4, எக்ஸ்.எஃப்.எஸ். போன்றவை "இந்த வட்டு எனக்கு மட்டும்" என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. எந்த பிளாக் காலி என்ற பிட்மேப்பை ஒருமுறை படித்தால், தான் மாற்றாதவரை அது மாறாது என்றே கெர்னல் எடுத்துக்கொள்கிறது. உங்கள் இரண்டு சர்வர்களும் ஒரே பிளாக்கைக் காலி என்று நினைத்து ஆளுக்கொரு படத்தை எழுதியிருக்கின்றன. பாதிப் படம் அங்கிருந்துதான் வருகிறது. ஸ்டோரேஜ் பெட்டிக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது, கேட்ட பிளாக்கைத் தரும்.

க்ரான்தான் பெரிய கேடு. எழுதும் முறையில் மவுன்ட் ஆன எக்ஸ்ட்4-இல் "ரெக்கவரி தேவை" என்ற கொடி ஏறியிருக்கும். இரண்டாவது சர்வர் அதைப் பார்த்ததும், முந்தையவர் செத்துவிட்டார் என்று முடிவு கட்டி, உயிரோடு இருப்பவரின் ஜர்னலை (மாற்றங்களை முன்கூட்டிக் குறிக்கும் பதிவேடு) ரீப்ளே செய்கிறது, அதாவது அதில் உள்ளதை வட்டில் மறுபடி எழுதுகிறது. பிறகு அதே ஜர்னல் பகுதியில் தன் பதிவுகளை எழுதத் தொடங்குகிறது. இது 10 நிமிடத்துக்கு ஒருமுறை நடந்திருக்கிறது!

தண்டவாளம்:
க்ரானை எடுத்துவிட்டேன், நகல் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது சர்வரில் ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்தால் பாதுகாப்பா?

மின்வலை:
இல்லை. ரீட்-ஒன்லி என்றாலும் எக்ஸ்ட்4 ஜர்னலை ரீப்ளே செய்யும், அதாவது எழுதும். நோலோட் ஆப்ஷன் சேர்த்தால் எழுதாது (எக்ஸ்.எஃப்.எஸ்.-இல் நோரெக்கவரி). அப்போதும் பழைய மெட்டாடேட்டாவை வைத்துக்கொண்டு, இப்போது வேறு ஃபைலுக்குப் போய்விட்ட பிளாக்கைப் படித்துக் குப்பையைக் காட்டும்.

இனிமேல் தவறுதலாக இரண்டு மவுன்ட் ஆகாமல் இருக்க, அன்மவுன்ட் நிலையில் டியூன்2எஃப்எஸ் கருவி மூலம் எம்.எம்.பி. (பல மவுன்ட் தடுப்பு) அம்சத்தை இயக்குங்கள். இயல்பாக 5 விநாடிக்கு ஒருமுறை ஒரு பிளாக்கில் எண் மாறிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கும் இரண்டாவது சர்வர் மவுன்ட் செய்ய மறுத்துவிடும். இது பூட்டு மட்டுமே, பகிர்வதற்கான வழி அல்ல.

தண்டவாளம்:
அப்படியானால் ஜி.எஃப்.எஸ்.2 (பல சர்வர்கள் ஒரே வட்டைப் பகிரும் ஃபைல்சிஸ்டம்) போடலாமா? அதில் என்ன வேறுபாடு?

ஊமைக்குயில்:
போடலாம், விலை உண்டு. அதில் ஒவ்வொரு ஐநோடுக்கும் (ஒரு ஃபைல் அல்லது டைரக்டரியின் பதிவு) ஒரு பூட்டு. டி.எல்.எம். என்ற பூட்டு நிர்வாகி அதை நோடுகளுக்கிடையே (கிளஸ்டரில் உள்ள சர்வர்கள்) நிர்வகிக்கும். ஒரு நோடு எழுத வேண்டுமானால், மற்றது தன் மாற்றங்களை வட்டில் இறக்கி, கேஷைக் கைவிட்டு, பூட்டைக் கொடுக்க வேண்டும். இரண்டு சர்வரும் ஒரே டைரக்டரியில் ஃபைல் உருவாக்கினால் பூட்டு பந்துபோல அலையும், வேகம் படுத்துவிடும். சர்வருக்கொரு டைரக்டரி என்று பிரித்துவிடுங்கள். நோ-ஏடைம் (படித்த நேரத்தைப் பதியாத மவுன்ட் ஆப்ஷன்) கட்டாயம், இல்லையென்றால் வெறுமனே படிப்பதும் எழுத்துப் பூட்டு கேட்கும். இன்னொன்று, ஐநோட்டிஃபை (ஃபைல் மாற்றத்தை நிரலுக்கு அறிவிக்கும் வசதி) அந்தந்த நோடில் நடப்பதை மட்டுமே சொல்லும். படம் வந்ததும் தம்ப்நெயில் செய்யும் நிரல் இருந்தால் அடுத்த நோடில் வந்தது அதற்குத் தெரியாது.

ஃபார்மட் செய்யும்போது லாக் டி.எல்.எம். நெறிமுறை, கோரோசிங்கில் (நோடுகளை இணைக்கும் கிளஸ்டர் மென்பொருள்) உள்ள அதே கிளஸ்டர் பெயர், நோடுக்கு ஒரு ஜர்னல் ஆகியவற்றைக் கொடுங்கள். இரண்டே ஜர்னல் இருந்தால் மூன்றாவது நோடு மவுன்ட் ஆகாது, ஜேஆட் கருவியால் பிறகு சேர்க்கலாம். ஃபைல்சிஸ்டத்தைப் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது. பேஸ்மேக்கரில் (கிளஸ்டரில் சேவைகளை நிர்வகிக்கும் மென்பொருள்) கோரம் (போதிய நோடுகளின் வாக்கு) இல்லாதபோதைய கொள்கையை ஃப்ரீஸ் என்று வையுங்கள். இயல்பான ஸ்டாப் என்றால் அன்மவுன்ட் செய்ய முயலும், அதற்கே கோரம் வேண்டும் என்பதால் தோற்கும்.

ரெட்ஹாட் பயன்படுத்துகிறீர்களா? ஆர்.எச்.இ.எல். 10-இலிருந்து ரெசிலியன்ட் ஸ்டோரேஜ் ஆட்-ஆன் இல்லை, ஜி.எஃப்.எஸ்.2-க்கான ஆதரவும் அதோடு போய்விட்டது.

தண்டவாளம்:
கிளஸ்டருக்கு ஃபென்சிங் (பதில் சொல்லாத நோடைக் கட்டாயமாக அணைப்பது அல்லது வட்டிலிருந்து விலக்குவது) வேண்டும் என்கிறார்கள், அதற்குக் கருவி வாங்க அனுமதி கிடைப்பது கஷ்டம். அதை விட்டுவிட்டு இரண்டு நோடு ஓட்டலாமா?

மின்வலை:
கூடாது. ஒரு நோடு பதில் சொல்லவில்லை என்றால் அது செத்ததா, நெட்வொர்க் மட்டும் அறுந்ததா என்று மற்றதுக்குத் தெரியாது. உண்மையில் அணைக்கப்பட்டது என்று உறுதியாகும்வரை டி.எல்.எம். பூட்டுகளைத் திருப்பித் தராது, அந்த நோடின் ஜர்னலும் ரீப்ளே ஆகாது. நல்லபடியாக இருக்கும் சர்வரும் அந்த மவுன்டில் தொங்கிப்போகும். கையால் "அணைந்துவிட்டது" என்று பொய் சொல்லித் தாண்டினால், இப்போது வந்த அதே நிலைக்குத் திரும்புவீர்கள்.

புதிதாக வாங்கத் தேவையிருக்காது. பெரும்பாலான சர்வர்களில் ஐ.பி.எம்.ஐ. (சர்வரைத் தொலைவிலிருந்து அணைக்கும் வசதி) ஏற்கெனவே இருக்கிறது, தனி நெட்வொர்க் கேபிள் போதும். அல்லது உங்கள் பெட்டி ஸ்கஸி-3 பெர்சிஸ்டென்ட் ரிசர்வேஷனை ஏற்றால், லன்னிலேயே எழுதும் உரிமையைப் பறிக்கும் ஃபென்ஸ்-ஸ்கஸி. இரண்டு நோடும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று அணைக்காமல் இருக்க ஒன்றுக்கு மட்டும் சில விநாடி தாமதம் வையுங்கள்.

ஆனால் படம் ஏற்றும் ஃபோல்டருக்கு இவ்வளவும் தேவையா? லன்னை ஒரே சர்வரில் எக்ஸ்ட்4-ஆக வைத்து, மற்றதுக்கு என்.எஃப்.எஸ். (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறை) வழியாகக் கொடுங்கள். பிளாக்கைத் தொடுவது ஒரே கெர்னல், மற்றவர் ஃபைலைக் கேட்பவர். அந்த ஒன்று விழுந்தால் இரண்டும் நிற்கும், உண்மைதான். அது தாங்காது என்றால் பேஸ்மேக்கரில் ஆக்டிவ்-பாசிவ் (ஒன்று இயங்கும், மற்றது காத்திருக்கும்) ஆக்குங்கள். அதற்கும் ஃபென்சிங் வேண்டும், எனவே ஐ.பி.எம்.ஐ. கேபிளை இன்றே போட்டுவிடுங்கள்.