வாட்ஸ்அப்பில வாற சின்னத் திருத்தங்களின்ர நேரத்தை எப்பிடிப் பில்லில போடுறியள்?

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்தில இருந்து வெளிநாட்டு ஆக்களுக்கு மணித்தியாலக் கணக்கில டிசைன் வேலை செய்யிறவையிட்ட ஒரு உதவி.

கூகுள் சீட்ஸில போடுற நேரக் கணக்கு இப்ப சரியா வருது. லண்டன் பின்னேரம் 6 மணி கோல், குளிர்காலத்தில இஞ்ச இரவு 11:30. கோல் நள்ளிரவு 12 ஐத் தாண்டினால், முடிவு நேரத்தில தொடக்க நேரத்தைக் கழிக்கேக்க மைனஸ் விடை வரும். அதால அந்தக் கழித்தலை மோட் (MOD, வகுத்து மீதியைத் தாற) ஃபங்ஷனுக்குள்ள 1 ஓட போட்டு, 24 ஆல பெருக்கோணும். சீட்ஸ் ஒரு நாளை 1 எண்டு எடுக்கிறதால, பெருக்காட்டி ஒன்றரை மணித்தியாலம் உள்ளுக்க 0.0625 எண்டு நிண்டு, பில் 24 இல ஒரு பங்காப் போயிடும். (கட்டத்தில 1:30 எண்டு தெரியலாம், அதால கவனியுங்கோ.)

சிக்கல் சின்னத் திருத்தங்களில. ‘லோகோவைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்கோ’ எண்டு 4 நிமிச வேலை, ஒரு நாளில 7 தரம். ஒவ்வொண்டையும் 15 நிமிசமாக் கூட்டினால் 105 நிமிசம். அது வாடிக்கையாளருக்கு அநியாயம். நாள் முடிவில மொத்தமாக் கூட்டினால் 28, பில்லில 30. ஆனா ஒவ்வொரு தரமும் ஃபைலைத் திறந்து, மாத்தி, அனுப்பிற நேரம் டைமரில ஏறாமல் போகுது.

6 நிமிச அலகில, அதாவது 0.1 மணித்தியாலமா, ஆராவது பில் போடுறியளோ? இல்லாட்டி மாசத்துக்கு ஒரு தொகை பேசி முடிக்கிறியளோ? ஒப்பந்தத்தில அதை எழுதின வசனத்தையும் போடுங்கோ, பெரிய உதவியா இருக்கும்.