தெர்மோஸ்டாட் 'டிக்'குன்னு சொல்லுது, ஃபர்னஸ் காதுல வாங்க மாட்டேங்குது

கம்பளிப்போர்வை எழுதியது:

நாலு நாளா எங்க ஹால் தெர்மோஸ்டாட்டோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். 21 டிகிரியில வெச்சா திரையில தீச்சுவாலைப் படம் வருது, உள்ளே ரிலே விழற 'டிக்' சத்தமும் கேட்குது. கீழே வீட்டைச் சூடாக்கற ஃபர்னஸ் மட்டும் அசையறதில்ல. அரைமணி நேரம் காத்திருந்தாலும் அப்படியேதான். யாராவது ஹால் கதவை ஓங்கிச் சாத்தினா உடனே ஓட ஆரம்பிச்சிடுது! முந்தாநாள் ராத்திரி என் மாமனார் கைத்தடியால சுவத்துல ரெண்டு தட்டு தட்டி ஸ்டார்ட் பண்ணிட்டார். அதுல இருந்து அவர்தான் வீட்டு மெக்கானிக்.

பேட்டரி ரெண்டும் மாத்தியாச்சு. கவரைக் கழட்டி பழைய பெயின்ட் பிரஷ்ஷால தூசி தட்டினேன். ஷெட்யூலை ரத்து பண்ணி 'ஹோல்ட்'ல போட்டும் பார்த்தேன். பின்னாடி எழுத்து போட்ட ஸ்க்ரூக்கள்ல நாலு வயர்: சிவப்பு 'ஆர்'ல, வெள்ளை 'டபிள்யூ'ல, மஞ்சள் 'ஒய்'ல, பச்சை 'ஜி'ல. 'சி' ஸ்க்ரூ காலியா இருக்கு.

வழக்கமா வர்ற மெக்கானிக்கைக் கேட்டா, "தெர்மோஸ்டாட் போச்சு, புதுசு மாட்டிடலாம்"னு போன்லயே தீர்ப்பு சொல்லிட்டார். வந்துகூடப் பார்க்கல, அதுதான் உறுத்துது. என்கிட்ட ஒரு மல்டிமீட்டர் இருக்கு. பேட்டரி செத்துடுச்சான்னு பார்க்கிறதைத் தாண்டி அதை எதுக்கும் எடுத்ததில்ல. நானே பார்க்க முடியுமா?

---

சும்மாஇருக்கமாட்டேன் எழுதியது:

பழசோட ஏன் போராடறீங்க, ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் போட்டுடுங்க. நான் மாட்டினதும் அரைமணி நேர வேலைதான். ஆனா சி வயர் (தெர்மோஸ்டாட்டுக்கே விடாம கரன்ட் கிடைக்க வைக்கிற வயர்) இல்லன்னு சொல்றீங்களே, அதை முதல்ல பாருங்க. சி இல்லாம மாட்டினா சில மாடல் ஹீட்டிங் வயர்லயிருந்தே கொஞ்சம் கொஞ்சமா கரன்ட் உறிஞ்சித் தன் பேட்டரியை நிரப்பிக்கும். எனக்கு அது பத்தாம ரெண்டு வாரத்துல திரையே அணைஞ்சு போச்சு.

---

செம்புக்கம்பி எழுதியது:

அக்கா, அவசரப்பட்டு எதையும் வாங்கிடாதீங்க. தட்டினா ஓடுதுன்னா எங்கேயோ ஒரு ஜாயின்ட் லூஸ். அது தெர்மோஸ்டாட்டுக்கு உள்ளேயும் இருக்கலாம், வெளியேயும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கிறதுதான் வேலை.

மீட்டரைத் தொடறதுக்கு முன்னாடி தெர்மோஸ்டாட்ல இருக்கிற ஃபேன் சுவிட்சை 'ஆட்டோ'வுல இருந்து 'ஆன்'க்கு மாத்துங்க. ஃபேன் ஓடுச்சுன்னா ஃபர்னஸ் டிரான்ஸ்ஃபார்மர், போர்டு மேல இருக்கிற குட்டி ஃபியூஸ், சிவப்பு வயர் எல்லாமே நல்லா இருக்குன்னு அர்த்தம். அப்போ சந்தேகம் வெள்ளை வயர் பக்கம்தான். ஓடலைன்னா ஃபர்னஸ் மூடி சரியா அழுந்தி மூடியிருக்கான்னு பாருங்க. அதுக்குப் பின்னாடி ஒரு சேஃப்டி சுவிட்ச் உண்டு, மூடி லேசா விலகினாலே கரன்ட் நின்னுடும். ஃபில்டர் மாத்தினதும் பலபேர் மாட்டிக்கிறது இங்கேதான்.

அடுத்து மீட்டர். உங்க தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச்தான். கீழேயிருந்து 24 வோல்ட் ஏசி சிவப்புல மேலே வருது, சூடு வேணும்னா அதை வெள்ளையோட சேர்த்துவிடுது, அவ்வளவுதான். அதனால முகப்பைக் கழட்டி எடுத்துடுங்க, சுவத்துல இருக்கிற அடித்தட்டு மட்டும் இருக்கட்டும். மீட்டரை ஏசி வோல்ட்ல வெச்சு ஒரு முனையை ஆர் ஸ்க்ரூவிலயும் இன்னொண்ணை டபிள்யூ ஸ்க்ரூவிலயும் வைங்க. 24லருந்து 28 வரைக்கும் எது வந்தாலும் சரி. அப்புறம் இதை மறக்காம செய்யுங்க: ஆர் முனையை எடுக்காம, இன்னொரு முனையை டபிள்யூ ஸ்க்ரூ தலையில இருந்து எடுத்து வெள்ளை வயரோட செம்பு மேலேயே வெச்சுப் பாருங்க. ரெண்டு இடத்துலயும் ஒரே எண் வரணும்.

ஒரு எச்சரிக்கை. கவரைத் திறந்ததும் தடிமனான வயரும், முறுக்கு மூடி போட்ட இணைப்பும் தெரிஞ்சா அது மெயின் கரன்ட்லயே ஓடற ரகம். மூடி வெச்சுட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. உங்க நாலு நிற ஒல்லி வயர் அந்த ரகம் இல்ல.

---

கம்பளிப்போர்வை எழுதியது:

ஃபேன் ஓடுது தம்பி! அப்புறம் மீட்டர். ஆர் - ஒய் ஸ்க்ரூ 26.4. ஆர் - ஜி 26.4. ஆர் - டபிள்யூ 0.7. நான் தப்பா வெச்சுட்டேனோன்னு மூணு தடவை பார்த்தேன். அப்புறம் நீங்க சொன்ன மாதிரி வெள்ளை வயரோட செம்பு நுனியைத் தேடினா செம்பே தெரியல. டார்ச் அடிச்சு, மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்த்தா ஸ்க்ரூ நசுக்கிப் பிடிச்சிருக்கிறது வெள்ளை பிளாஸ்டிக் உறையை! செம்பு அரிசிமணி அளவு மட்டும் ஓரமா எட்டிப் பார்க்குது, அதுவும் கறுத்துப் போய். அங்கே முனையை வெச்சதும் 26.4.

---

செம்புக்கம்பி எழுதியது:

கிடைச்சிடுச்சு அக்கா. மாட்டினவர் உறையைச் சரியா சீவாம இறுக்கிட்டுப் போயிருக்கார். வருஷக்கணக்கா ஓரத்துல ஒட்டிக்கிட்டே ஓடியிருக்கு. உங்க 'டிக்' உண்மையான டிக்தான், தெர்மோஸ்டாட் சொல்ல வேண்டியதைச் சொல்லிடுச்சு. சேதிதான் வயருக்குப் போய்ச் சேரல.

இப்போ ஃபர்னஸ் பிரேக்கரை ஆஃப் பண்ணுங்க. 24 வோல்ட் உங்களை ஒண்ணும் பண்ணாது, ஆனா கொத்துல மாட்டாம விட்ட சி வயர் இருந்து, அதுல சிவப்பு உரசித் தொலைச்சா, கீழே அந்தக் குட்டி ஃபியூஸ் காலி. பெரும்பாலும் 3 ஆம்பியர் இல்லன்னா 5 ஆம்பியர், கார்ல போடற பிளேடு ஃபியூஸ் மாதிரியே இருக்கும்.

ஸ்க்ரூவைத் தளர்த்துறதுக்கு முன்னாடி வயர் கொத்தை ஒரு பென்சில்ல சுத்தி டேப் போட்டுடுங்க. விளையாட்டுக்குச் சொல்லல. என் வீட்டுல வெள்ளை வயர் சுவத்துக்குள்ள நழுவிப் போய், அதை மீன் பிடிக்கிற மாதிரி கொக்கி போட்டு எடுக்க ஒரு ஞாயித்துக்கிழமை முழுசாப் போச்சு. கறுத்த நுனியை நறுக்கிட்டு முக்கால் சென்டிமீட்டர் சீவுங்க. உறை ஸ்க்ரூவுக்கு வெளியே நிக்கணும். இறுக்கினதும் லேசா இழுத்துப் பாருங்க.

கை அங்கே இருக்கும்போதே, வயர் வர்ற ஓட்டையில விரலை வெச்சுப் பாருங்க. குளிர்காத்து வருதா?

---

கம்பளிப்போர்வை எழுதியது:

முடிஞ்சது! பிரேக்கரைப் போட்டு, முகப்பை மாட்டி, 21. டிக். அஞ்சாறு நொடியில கீழே சின்ன மோட்டார் சுத்தற சத்தம், கொஞ்ச நேரத்துல 'புஸ்'னு தீ பிடிக்கிறது, அப்புறம் ஃபேன். கதவைச் சாத்த ஆளே வேண்டியிருக்கல. ஒண்ணு சொல்லணும்: ஒய் ஸ்க்ரூவையும் ஜி ஸ்க்ரூவையும் அதே ஆள்தானே மாட்டியிருப்பார்னு அதையும் திறந்து பார்த்தேன். ரெண்டும் ஒழுங்கா இருக்கு. வெள்ளை மேல மட்டும் என்ன கோபமோ.

ஓட்டையில காத்து வந்தது, நிஜமாவே ஜில்லுன்னு. கட்டைவிரல் நுழையற ஓட்டை. புட்டியை உருட்டி அடைச்சேன். அதுக்கு முன்னாடி திரை 18 காட்டும்போது பக்கத்துல மாட்டின தெர்மாமீட்டர் 20 காட்டிட்டு இருந்தது. இப்போ ரெண்டும் 20. இத்தனை நாள் சுவத்துக்குள்ள இருந்த குளிருக்குத்தான் நாங்க ஹீட்டர் போட்டுட்டு இருந்திருக்கோம்!

---

பழையவீடு எழுதியது:

நடுவுல நுழையறேன், மன்னிக்கணும். எங்க வீட்டுல வட்டமா, உள்ளே கண்ணாடிக் குமிழும் வெள்ளிச் சொட்டும் இருக்கிற பழைய தெர்மோஸ்டாட். பெயின்ட் அடிச்சுத் திரும்ப மாட்டினதுல இருந்து மூணு டிகிரி தள்ளியே நிக்குது. அதுக்கும் இதே சோதனையா?

---

செம்புக்கம்பி எழுதியது:

உங்களுக்கு மீட்டரே வேண்டாம் சார், ரசமட்டம் எடுங்க. அந்த வெள்ளிச் சொட்டு பாதரசம். சூட்டுக்கு ஏத்த மாதிரி உள்ளே சுருள் தகடு குமிழைச் சாய்க்க, சொட்டு உருண்டு ரெண்டு கம்பியையும் சேர்க்குது. அடித்தட்டு லேசா சாய்ஞ்சு மாட்டியிருந்தா அந்தச் சாய்வே டிகிரிக் கணக்குல தெரியும். ஸ்க்ரூவைத் தளர்த்தி மட்டம் பார்த்து இறுக்குங்க. குமிழ்ல கை படாம பார்த்துக்கங்க. என்னைக்காவது மாத்தினா குப்பையில போடாதீங்க, பாதரசக் கழிவு வாங்கற இடத்துல கொடுத்துடுங்க.