போர்ஷன் வீடு வாங்க ஒத்திப் பணத்தை நம்பலாமா?

விளாங்குடிக்காரன்:

வணக்கம். மதுரையில் தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், வயது 40. கையில் வரும் சம்பளம் 62,000. மனைவி பள்ளி ஆசிரியை, அவருக்கு 18,000. குடியிருக்கும் வீட்டுக்கு 2016இல் 15 வருடத்துக்கு வாங்கிய 14 லட்சம் கடனில் இன்னும் 7 லட்சம் பாக்கி. மாதத் தவணை 14,600.

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் மூன்று போர்ஷன் உள்ள மாடி வீடு ஒன்று விலைக்கு வருகிறது. 48 லட்சம் சொல்கிறார்கள். கீழே இரண்டு போர்ஷன் தலா 7,000, மாடி 6,000, மொத்தம் 20,000 வாடகை வருகிறது. என் சேமிப்பு 8 லட்சம். மீதிக்கு வீட்டுக் கடன். அதிலும் துண்டு விழும் பணத்துக்குப் புரோக்கர் ஒரு வழி சொல்கிறார். கீழ் போர்ஷன் இரண்டையும் தலா 4 லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டால் (மாத வாடகை இல்லாமல் மொத்தப் பணம் வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது அதைத் திருப்பித் தருவது) 8 லட்சம் கைக்கு வரும், அதற்கு வட்டியே கிடையாது என்கிறார். இன்னொன்று, பத்திரத்தை 34 லட்சத்துக்குப் போட்டுவிட்டு மீதியை ரொக்கமாகத் தரச் சொல்கிறார் விற்பவர். இறங்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர்:

தம்பி, முதலில் பத்திர விஷயம். பத்திரத்தில் 34 லட்சம் என்று இருந்தால் வங்கி அந்த 34ஐ வைத்துத்தான் கணக்குப் போடும். மீதி 14 லட்சத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது. நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் 34 லட்சத்துக்கு வாங்கியதாகத்தான் ஆவணம் பேசும், லாபம் பெரிதாகத் தெரிந்து வரி உங்கள் தலையில் விழும். முழு விலைக்குப் பத்திரம் போட மாட்டேன் என்றால் அந்த வீடு வேண்டாம்.

முழு விலைக்கே போட்டாலும் கணக்கு உதைக்கிறது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்ச வரம்பு. ஆக 38.4 லட்சம். கைக்காசு 9.6 லட்சம் வேண்டும். அதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம், அதாவது 4.32 லட்சம். இந்த விலைக்கு வாங்கும் வீட்டில் அந்தச் செலவை வங்கி கடன் கணக்கில் சேர்க்காது. ஆக மொத்தம் கிட்டத்தட்ட 14 லட்சம் உங்கள் கையில் இருக்க வேண்டும், இருப்பது 8.

அப்புறம் சம்பளம். தவணை எல்லாம் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றுதான் பெரும்பாலும் பார்ப்போம். இருவர் சம்பளம் 80,000, அதில் பாதி 40,000. இப்போதைய தவணை போக 25,400 மிச்சம். 9 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் அதற்கு 28 லட்சம்தான் வரும். வரப்போகும் வாடகையில் ஒரு பங்கைச் சேர்த்துப் பார்க்கிற வங்கிகளும் உண்டு, ஆனாலும் 38 லட்சத்தை எட்டாது.

மாடிக்கு பிளான் அப்ரூவல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர் போர்ஷன் வீடுகளில் கீழ்த்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு மாடியைப் பிறகு எழுப்பியிருப்பார்கள். மதிப்பீட்டுக்கு வருகிற இன்ஜினியர் அந்த மாடியைக் கணக்கில் எடுக்க மாட்டார்.

புதூர் அக்கா:

ஒத்தியைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில் இறங்கிக் கரையேறியவள் நான்.

2014இல் நானும் வீட்டுக்காரரும் நாலு போர்ஷன் வீடு ஒன்றை 27 லட்சத்துக்கு வாங்கினோம். வங்கிக் கடன் 15 லட்சம். மூன்று போர்ஷனைத் தலா 3 லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டு 9 லட்சம் புரட்டினோம். எங்களுக்கும் அப்போது "வட்டியில்லாப் பணம்" என்றுதான் சொன்னார்கள். வட்டி இருக்கிறது தம்பி, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். உங்கள் கணக்கையே எடுங்கள். 4 லட்சம் வாங்கிக்கொண்டு மாதம் 7,000 வாடகையை விடுகிறீர்கள். வருடத்துக்கு 84,000. அது 21 சதவீத வட்டி! வங்கி 9 சதவீதத்துக்குத் தரும்போது 21க்கு ஏன் வாங்க வேண்டும்?

அதைவிடப் பெரிய சிக்கல், அது திருப்பித் தர வேண்டிய மொத்தப் பணம். வங்கிக்குத் தவணையாகக் கட்டலாம், ஒத்திக்கு ஒரே நாளில் முழுசும் எண்ணி வைக்க வேண்டும். 2021இல் இரண்டு குடும்பம் ஒரே சமயத்தில் காலி செய்கிறோம் என்றார்கள். ஒருவருக்கு மகள் கல்யாணம், இன்னொருவர் சொந்த ஊருக்குப் போகிறார். புது ஒத்திக்காரர் வந்தால் அந்தப் பணத்தை எடுத்துக் கொடுப்பதுதான் எல்லோரும் செய்வது. கொரோனா நேரம், ஆள் வரவில்லை. 6 லட்சத்துக்கு எங்கே போவது? 14 பவுனை அடகு வைத்தேன். பற்றாததற்கு 2 வட்டிக்கு 2 லட்சம் வாங்கினோம், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். அதிலிருந்து மீள 2023 ஆகிவிட்டது. கல்யாணத் தேதி குறித்துவிட்டுப் பணத்துக்காக அந்த அம்மா நாலு முறை வீட்டு வாசலில் வந்து நின்றதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

வங்கிக் கடன் உள்ள வீட்டை வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் ஒத்திக்கு விடவே கூடாது. எங்கள் கடன் ஒப்பந்தத்திலேயே அது இருந்தது, நாங்கள் படிக்கவில்லை. 90 நாள் தவணை நின்றால் வாராக்கடன், பிறகு 60 நாள் நோட்டீஸ். வீடு ஏலத்துக்குப் போனால் அதில் ஒத்திக்கு இருப்பவர்களின் பணம் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அவர்களில் பலருக்கு அதுதான் ஆயுள் சேமிப்பு.

துண்டு விழுவது ஒன்றிரண்டு லட்சம் என்றால், இப்போதுள்ள வீட்டுக் கடனின் மேலேயே டாப்-அப் கேளுங்கள். ஒத்தியை விட அது எவ்வளவோ மேல்.

வரிக்கணக்கு:

வரி மிச்சமாகும் என்று நம்பி யாரும் இதில் இறங்க வேண்டாம். வாடகைக்கு விடும் வீட்டின் கடன் வட்டியை வாடகையில் கழிக்கலாம், 30 சதவீதப் பொதுக் கழிவும் உண்டு. ஆனால் புதிய வரி முறையில் அதற்கு மேல் வரும் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பழைய முறையில் வருடத்துக்கு 2 லட்சம் வரை கழிக்கலாம்.

விளாங்குடிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, அந்த 21 சதவீதத்தை மனைவியிடம் போட்டுக் காட்டினேன், இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நேற்று அந்த வீட்டின் அப்ரூவல் பிளானை வாங்கிப் பார்த்தேன். சார் சொன்னது போலவே கீழ்த்தளத்துக்கு மட்டும்தான் அனுமதி. விட்டுவிட்டோம்.

திருநகர் பக்கம் இரண்டு போர்ஷன் வீடு 31 லட்சத்துக்கு வருகிறது, பத்திரம் முழு விலைக்குத்தான். 27 லட்சம் கடன் கிடைத்தால் தவணை கிட்டத்தட்ட 24,300. கைக்காசு 4 லட்சம், பதிவுச் செலவு 2.79 லட்சம் போக ஒரு லட்சத்துக்கு மேல் கையில் நிற்கும்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர்:

இது தாங்கும். 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம் வரை தரலாம், உங்களுக்கு 87தான் வருகிறது. வங்கியை விட்டுப் பார்ப்பதற்கு முன் நீங்களே 30 வருட வில்லங்கச் சான்று எடுங்கள். தாய்ப் பத்திரத்தின் (சொத்தின் முந்தைய கைமாற்றப் பத்திரம்) அசல் விற்பவர் கையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

புதூர் அக்கா:

மிச்சமிருக்கும் அந்த ஒரு லட்சத்தைத் தொடாதீர்கள் தம்பி. ஒரு போர்ஷன் மூன்று மாதம் காலியாகக் கிடந்தால் தவணைக்கு அதுதான்.