‘ஃபேர்’ என்றால் சிவப்பா, நியாயமா? மகளுக்கு விளக்க உதவுங்கள்

பாளையங்கோட்டை அம்மா:
வணக்கம். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் நேற்று என்னோடு ரேஷன் கடைக்கு வந்தாள். நியாய விலைக் கடைக்கு ஆங்கிலத்தில் ‘ஃபேர் ப்ரைஸ் ஷாப்’ என்று பெயர் என்றேன். “ஃபேர்னா சிவப்புன்னு அத்தை சொன்னாவளே, அப்போ கருப்பா இருக்கவங்க நியாயத்துல சேராதா?” என்று கேட்டுவிட்டாள். அவள் நிறத்தைப் பற்றி வீட்டில் அடிக்கடி பேச்சு வரும், அதனால் இது சும்மா வந்த கேள்வி இல்லை. அகராதியில் அழகு, வெளிர் நிறம், நியாயம், சந்தை என எல்லாம் இருக்கிறது. எது முதலில் வந்தது?

அம்பை வாசகன்:
சந்தையை முதலில் தள்ளிவையுங்கள் அக்கா, அது வேறு சொல். லத்தீனில் விழா நாளைக் குறித்த ‘ஃபேரியா’ பிரெஞ்சு வழியாக வந்து அப்படி ஆனது. நம்ம ஊரில் கோயில் கொடை என்றால் வளையல் கடையும் மிட்டாய்க் கடையும் கூடவே வருவதில்லையா, அதுபோலத்தான். பஸ் கட்டணத்தைச் சொல்லும் ‘ஃபேர்’ எழுத்திலேயே வேறு. பயணம் போவதைக் குறித்த பழைய சொல்லின் வழி வந்தது அது.

தென்காசி ஆங்கில ஆசிரியர்:
அழகுதான் முதலில், அம்மா. பழைய ஆங்கிலத்தில் ‘ஃபேகர்’ என்றால் அழகான, இனிமையான என்று பொருள். ஐஸ்லாந்து மொழியில் இன்றும் ‘ஃபாகுர்’ என்றால் அழகு. வெளிர் நிறம் பிறகு ஒட்டிக்கொண்டது. அந்த நாட்டில் எதை அழகு என்று நினைத்தார்களோ அதன் மேல் சொல் போய் உட்கார்ந்தது, அவ்வளவே. மகளிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை அம்மா:
நன்றி அண்ணாச்சி. சரி, அழகிலிருந்து நியாயத்துக்கு எப்படிப் போனது?

தென்காசி ஆங்கில ஆசிரியர்:
அவளுடைய ஃபேர் நோட்டையே எடுத்துக் காட்டுங்கள். அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு. அழகானது என்பதிலிருந்து கறை இல்லாதது என்று விரிந்தது, அப்புறம் நடத்தையில் கறை இல்லாதது, ஒரு பக்கம் சாயாதது என்றானது. 14ஆம் நூற்றாண்டு வாக்கில் நியாயம் என்ற பொருள் வந்துவிட்டது. விளையாட்டில் ‘ஃபவுல்’ என்கிறோமே, அதுதான் இதற்கு எதிர்ச்சொல். அழுகி நாறுவது என்பது அதன் பழைய பொருள்.

அம்பை வாசகன்:
தமிழிலும் இதே உறவு உண்டு அக்கா. செங்கோல் சிவப்புக் கோல் இல்லை, வளையாத கோல். செம்மை என்ற ஒரே சொல்லில் சிவப்பும் நேர்மையும் இருக்கின்றன. 118ஆவது குறளைப் பாருங்கள், தராசுபோல ஒரு பக்கம் சாயாமல் இருப்பதே சான்றோர்க்கு ‘அணி’ என்கிறது. அணி என்றால் அழகுதானே.

பாளையங்கோட்டை அம்மா:
எல்லாவற்றையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஃபேர் நோட்டை எடுத்துவந்து கொஞ்ச நேரம் புரட்டிக்கொண்டிருந்தாள். “இத அத்தைட்ட யாரும்மா சொல்லுவா?” என்றாள். நான் சொல்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.