கூறைச் சேலையில் தைத்த மண்மூட்டை

2009 கடைசிச் சண்டையில் பங்கர் (பதுங்கு குழி) எப்படி வெட்டினீர்கள் என்று இங்கே ஒரு அண்ணை கேட்டதால் எழுதுகிறேன். உள்வன்னியின் இறுகின மண்ணில் வெட்டினால் மழை வரும்வரை கவலையில்லை. முல்லைத்தீவின் மாத்தளன் கடற்கரை அப்படியில்லை. மூன்றடி தோண்டினால் நாலு பக்கமும் சரியும். இன்னும் தோண்டினால் உப்புத் தண்ணீர் ஊறும். சுற்றி மூட்டை அடுக்காவிட்டால் பங்கரே குழியாகி ஆளை மூடிவிடும். உரப்பை முடிந்ததும் சேலைகளை வெட்டத் தொடங்கினோம்.

கிளிநொச்சியிலிருந்து வெளிக்கிடும்போது தையல் மெஷினை விட்டு வாருங்கள் என்று அம்மாவோடு சண்டை பிடித்திருக்கிறேன். அவர் கேட்கவில்லை. அந்த மெஷின்தான் எங்கள் வரிசையில் எல்லோருக்கும் மூட்டை தைத்தது. முதலில் நூல் சேலை, பிறகு நைலெக்ஸ், கடைசியில் அம்மாவின் கலியாணக் கூறை. முந்தானையை மட்டும் கிழித்து மடித்து வைத்துவிட்டு மிச்சத்தில் பதினொரு மூட்டை தைத்தார். சரிகை போட்ட சிவப்பு மூட்டைகள் வாசலில் கிடந்தன. நைலெக்ஸ் சூட்டில் உருகும், பட்டு தாங்கும். இதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா, சொல்லுங்கள்!

மாத்தளனுக்கு நாங்களாகப் போகவில்லை. 2009 ஜனவரியில் அரசாங்கம் சுதந்திரபுரம், உடையார்கட்டுப் பக்கத்தைப் பாதுகாப்பு வலயம் என்றது. நம்பிப் போனோம். ஷெல் அங்கேயும் வந்தது, ஐ.நா. உணவு கொடுத்த இடத்திலும் விழுந்தது. பெப்ரவரி 12இல் வலயத்தைக் கடற்கரைக்கு மாற்றினார்கள். உள்ளே 70,000 பேர்தான் என்று கொழும்பு சொல்லிக்கொண்டிருந்தது, சாமானும் அந்தக் கணக்குக்குக்கூட வரவில்லை. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் 2,80,000 பேருக்கு மேல். நாங்கள் கஞ்சியில் சோற்றுப் பருக்கை தேடியது இதனால்தான்.

*

அக்கா, நீங்கள் ஷெல்லோடு நிறுத்திவிட்டீர்கள். இயக்கம் (புலிகள்) செய்ததையும் யாராவது எழுத வேண்டும். சரி, நானே எழுதுகிறேன், திட்டுபவர்கள் திட்டட்டும்.

என் தம்பிக்கு அப்போது பதினாறு வயது. இயக்கத்துக்கு ஆள்பிடிக்க வருகிறார்கள் என்றால் அவனை மண்ணில் புதைத்த பரலுக்குள் (பீப்பாய்க்குள்) இறக்கி, மூடிக்கு மேல் மண் போட்டு, அதன்மேல் அடுப்பு வைத்து அம்மா கஞ்சி காய்ச்சுவார். மூச்சுக்கு ஒரு துண்டுக் குழாய். மார்ச் மாதம் ஒருநாள் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது பிடித்துக்கொண்டு போனார்கள். அம்மா அவர்களின் வான் வண்டிக்குப் பின்னால் ஓடினார். பத்து நாளுக்குப் பிறகு பெட்டி வந்தது. திறக்க விடவில்லை.

களப்பால் (கடல்நீரேரி வழியே) இரவில் இராணுவப் பக்கம் கடந்து போக வெளிக்கிட்டவர்களில் என் மாமாவும் ஒருவர். வெடி முன்னாலிருந்து வரவில்லை, முதுகில் பட்டிருந்தது. ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கையில் இரண்டும் இருக்கிறது: அரச படை பாதுகாப்பு வலயத்துக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஷெல் அடித்தது, இயக்கம் சனத்தைப் பிடித்து வைத்து, தப்பியவர்களைச் சுட்டது. 40,000 பேர் வரை செத்திருக்கலாம் என்றும் இருக்கிறது. ஒவ்வொரு ஆளும் தனக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் வாசிக்கிறார்.

*

நான் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009 மே 18, வட்டுவாகலில் இராணுவத்திடம் வந்து சேர்ந்தோம். ஒரு நாள் மட்டும் இயக்கத்தில் இருந்தவர்களும் வந்து பதியுங்கள், விசாரித்து விடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். போனால் நல்லது என்று என் மனிசனை அனுப்பியது நான்தான். பஸ்ஸில் ஏறும்போது பிள்ளையின் பால்மா டின்னைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டம் இருக்கத் தொடங்கியபோது நானும் போய் இருந்தேன். ஆள் இல்லை என்று சான்றிதழ் தருகிறோம், வாங்குங்கள் என்கிறது அரசாங்கம். கையில் பிடித்துக் கொடுத்த மனிசன் எப்படிக் காணாமல் போவார்?

*

முதலில் எழுதிய நான்தான். அம்மாவின் கூறை முந்தானை இருக்கிறதா என்று இங்கே ஒரு தம்பி கேட்டிருந்தார். இல்லை. ஏப்ரல் தொடக்கத்தில் அப்பாவின் காலை அதால்தான் கட்டினோம். செஞ்சிலுவைக் கப்பலுக்குப் போகும் வள்ளத்தில் ஏற்றும்போது சரிகைக் கரை வெளியே தெரிந்தது, அம்மா அதை உள்ளே சொருகிவிட்டார்.