எண்ணூரில் பேய் நண்டு தோண்டிப் போட்ட கறுப்பு மணல்: யாராவது பார்த்திருக்கிறீர்களா?

முகத்துவாரவாசி:
தாழங்குப்பம் தாண்டி ஆறு கடலில் சேரும் மணல்திட்டு உங்களுக்கெல்லாம் தெரியும். பொங்கல் லீவில் விடியற்காலை அங்கே பேய் நண்டைப் படம் எடுக்கப் போயிருந்தேன். வளைக்கு எதிரே குப்புறப் படுத்து, போனை மணல் மட்டத்துக்கு இறக்கிக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கண் இரண்டும் மட்டும் மேலே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போயின. அடுத்த தடவை ஒரு பக்கத்துக் கால்களில் மணலை அணைத்துக்கொண்டு வந்து வீசியது. தூக்கிவாரிப் போட்டது எனக்கு. மேல் மணல் வெளிர்நிறம், அது வீசியதோ கன்னங்கரேல். மறுபடி மறுபடி அதே கறுப்பு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கால் ரோமத்தில்கூடக் கறுப்புத் துகள். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல் மோதியபோது கொட்டிய எண்ணெயா, 2023-இல் வந்ததா, இல்லை அனல்மின் நிலையச் சாம்பலா? மண்டையைக் குடைகிறது.

கல்லுமேடு:
எண்ணெய்தான், இதில் என்ன சந்தேகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கினதே, அந்த வாரம் காட்டுக்குப்பம் பக்கம் சேற்றில் ஒரு பிடில் நண்டைப் பார்த்தேன். ஆண். பெரிய கொடுக்கு முழுக்கப் பிசுக்கு. அந்த நிலையிலும் கொடுக்கைத் தூக்கித் தூக்கி இறக்கிப் பெட்டையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நடுநடுவே சின்னக் கொடுக்கால் கண்ணைத் துடைக்கும், மறுபடி கூப்பிடும். வீடியோ இருக்கிறது. இதுவரை யாருக்கும் அனுப்பவில்லை.

ரிட்டயர்டு வாத்தியார்:
கல்லுமேடு தம்பி, அவசரத் தீர்ப்பு வேண்டாம். மழைக்காலத்துப் பெரிய அலை லேசான மணலை வாரிக்கொண்டு போய்விடும். இல்மனைட், மேக்னடைட் போன்ற கனமான கறுப்புத் தாதுக்கள் கரையிலேயே தங்கும். பிறகு அதன்மேல் வெளிர் மணல் மூடிக்கொள்ளும். நண்டு தோண்டினால் அந்த அடுக்குதான் வெளியே வரும். இயற்கையானது. ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மேலே ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் என்றால் விரலில் பிசுபிசுக்கும், வாடை அடிக்கும்.

முகத்துவாரவாசிக்கு இன்னொன்று. நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் நம் நிழல் நேரே வளைமேல் விழும். நிழல் ஆடினால் நண்டு அவ்வளவுதான், வெளியே வராது. கடலைப் பார்த்து உட்கார்ந்தால் நண்டு வெறும் கறுப்பு உருவமாக விழும். ஆகவே வடக்கே பார்த்தோ தெற்கே பார்த்தோ படுங்கள். கேமரா என்றால் ஷட்டர் வேகம் 1/1000 நொடியைவிட மெதுவாகப் போகவேண்டாம். லென்ஸில் மணல் பட்டால் துடைக்கக் கூடாது, முதலில் ஊதித் தள்ளவேண்டும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் உடம்பைத் துடையுங்கள், உப்பு சும்மா விடாது. ராத்திரியில் பிளாஷ் கூடவே கூடாது. என் அனுபவம் என்றால், பழவேற்காட்டில் ஒருமுறை, காலிச் சங்குக்குள் குடியிருக்குமே அந்தத் துறவி நண்டு பார்த்தேன், பாட்டில் மூடிக்குள் இருந்தது.

காசிமேட்டுக்காரி:
சார், லென்ஸ் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லையே 😄

என் கதை வேறு. படகு நிற்கும் இடத்துக்கு வடக்கே மணலில் ஒரு குட்டி நண்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பொடியன் வந்து "அக்கா, அது ஓடிக்கினே இருக்கும், நான் நிக்க வெச்சித் தரேன்" என்றான். வேண்டாம் என்று சொல்வதற்குள் நைலான் நூலைக் காலில் கட்டிவிட்டான். நண்டு இழுத்தது, இழுத்தது, அப்புறம் அந்தக் காலைக் கழற்றி நூலோடு விட்டுவிட்டு ஓடிவிட்டது. பையன் கையில் நூல், நூலில் கால், கால் இன்னும் மடங்கி நீள்கிறது. அவன் முகம் செத்துப்போய்விட்டது. தோல் உரிக்கும்போது திரும்ப முளைக்கும்டா என்றேன். உண்மைதான், ஆனால் அவன் நம்பவில்லை.

கல்லுமேடு:
வாத்தியார் ஐயா, காந்தத்தில் ஒட்டினால் தாது, சரி. ஒட்டாதது எல்லாம் எண்ணெய் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? எண்ணெய் மணலோடு கட்டியாகிப் புதைந்தும் கிடக்கும். அன்றைக்கு என் கையில் பட்டது சோப்புக்கே போகவில்லை, தேங்காயெண்ணெய் போட்டுத்தான் போனது. அந்த ஊர்க்காரர்களிடம் போய் இயற்கையானது என்று சொல்லிப் பாருங்கள்.

முகத்துவாரவாசி:
சண்டை வேண்டாம் அண்ணே. பழைய ஸ்பீக்கர் காந்தத்தோடு மறுபடி போனேன். நிறைய ஒட்டியது, சாருக்கு ஒரு பாயிண்ட். மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கினேன். கனமானது உடனே இறங்கிவிட்டது. மேலே சாம்பல்நிறக் கலங்கல் ஒன்று, மறுநாளும் தெளியவில்லை. எண்ணெய்ப் படலம் இல்லை.

டோல்கேட் 105:
கறுப்பு மணல் விவகாரத்துக்குள் நான் வரவில்லை. சென்னைத் துறைமுகம் கட்டியதிலிருந்து வடக்கே கடல் கரையை அரித்துக்கொண்டே வந்து, கடைசியில் தடுப்புக்குக் கொட்டிய கருங்கல்தான் மிச்சம். எங்கள் திருவொற்றியூரில் மணல் எங்கே இருக்கிறது தோண்ட? ஆனால் அந்தக் கல்லில் பாறை நண்டு பார்த்திருக்கிறீர்களா? கொடுக்கு நுனி கரண்டி மாதிரி இருக்கும். வலது, இடது, வலது என்று பாசியைச் சுரண்டிச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டே இருந்தது. அலை வந்து மொத்தமாக மூடியது. தண்ணீர் வடிந்தபோது அதே இடத்தில் அதே வேகத்தில் சுரண்டிக்கொண்டிருக்கிறது, நான்தான் தொப்பலாக நனைந்திருந்தேன். போன் போச்சு. போகிறவர்கள் ரப்பர் செருப்போடு மட்டும் ஏறாதீர்கள், பாசி வழுக்கும்.